அரபு வாக்கியம் அமைப்பது எப்படி: ஜும்லா இஸ்மிய்யாவும் ஜும்லா ஃபிஃலிய்யாவும் – முழுமையான வழிகாட்டி

அரபு எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரியும், சில நூறு சொற்களும் மனப்பாடம், ஆனால் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் பேனா நகர மறுக்கிறது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்படித் திணறுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் பாடத்திலேயே ‘ஃபஅல, ஃபஅலா, ஃபஅலூ’ என்று வினைச்சொல் வாய்பாட்டை எடுத்துக்கொண்டவர்கள். 14 வடிவங்களையும் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார்கள். ‘வீடு பெரியது’ என்பதை அரபியில் எழுதச் சொன்னால் விழிப்பார்கள். அந்த வாக்கியத்தில் வினையே இல்லை.

வாய்பாடு தேவைதான். அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போனால் இரண்டு படி கழித்துத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

## 1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஹரக்கத்துடன் கூடிய அரபியைத் தயங்காமல் படிக்கத் தெரிய வேண்டும். ஜபர், ஜேர், பேஷ் என்றும் ஃபத்ஹா, கஸ்ரா, ளம்மா என்றும் சொல்லப்படும் குறிகள்தான் இங்கே முதலீடு. ஒரு சொல் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது என்பதை அதன் கடைசி எழுத்தின் குறிதான் பெரும்பாலும் காட்டும். அதனால் நாளிதழ், கதைப் புத்தகம் எதையும் இப்போது தொடாதீர்கள். அவற்றில் ஹரக்கத் இருக்காது. எல்லாக் குறிகளும் அச்சிட்ட குர்ஆன் பிரதி ஒன்று போதும்.

இருபது முப்பது பெயர்ச்சொற்களைத் தெரிந்து வைத்திருங்கள். ஒவ்வொன்றும் ஆண்பாலா பெண்பாலா என்பதையும் சேர்த்தே மனத்தில் ஏற்றுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். இங்கே எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். அரபியின் எல்லா ஒலிகளையும் தமிழ் எழுத்து வேறுபடுத்திக் காட்டாது. ‘தா’ என்று நாம் எழுதுவது அங்கே இரண்டு மூன்று எழுத்துகளில் எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வோர் எடுத்துக்காட்டையும் அரபு எழுத்தில், கடைசிக் குறியோடு, நீங்களே எழுதிப் பார்க்க வேண்டும்.

இரண்டு ஏற்பாடுகள். சொல்லின் எல்லை கண்ணுக்குத் தெரிவதற்காக அலிஃப் லாமைப் பிரித்து ‘அல்-பைது’ என்று எழுதுகிறேன். சேர்த்துப் படிக்கும்போது முன்சொல் அந்த ‘அ’வை விழுங்கிவிடும். ஓதும்போது நிறுத்தினால் கடைசி ஹரக்கத் மறைந்து ‘கபீருன்’ என்பது ‘கபீர்’ ஆகிவிடும். இலக்கணம் படிக்கும்போது மட்டும் அதை விழுங்காமல் முழுதாகச் சொல்லுங்கள். ஓதிப் பழகிய நாக்குக்கு இது சங்கடமாக இருக்கும், பரவாயில்லை.

## 2. சொல்லை வகை பிரியுங்கள்: இஸ்ம், ஃபிஃல், ஹர்ஃப்

அரபியில் சொல் மூன்று வகைதான். இஸ்ம் பெயர்ச்சொல், ஃபிஃல் வினைச்சொல், ஹர்ஃப் இடைச்சொல். இந்தப் பிரிப்பு வராமல் வாக்கிய வகை பிடிபடாது, ஏனென்றால் வாக்கியத்துக்குப் பெயர் வைப்பதே இதை வைத்துத்தான்.

இஸ்மைக் கண்டுபிடிக்க மூன்று அடையாளங்கள் போதும். முன்னால் அலிஃப் லாம் வரும். அல்லது கடைசியில் தன்வீன் (உன், அன், இன்) வரும். அல்லது ‘ஃபீ’, ‘மின்’, ‘அலா’ போன்ற ஹர்ஃபுக்குப் பின்னால் நின்று ஜேர் பெறும். இவற்றில் ஒன்று பொருந்தினாலும் அது இஸ்ம்.

தமிழ் இலக்கணம் படித்தவர்கள் தடுமாறும் இடம் இது. ‘கபீர்’ (பெரிய), ‘ஜமீல்’ (அழகான) போன்றவற்றைத் தனி வகையாக நினைத்துக்கொள்கிறார்கள். அரபியில் அவையும் இஸ்ம்தான். ‘ஹுவ’ (அவன்), ‘ஹாதா’ (இது) ஆகியவையும் இஸ்ம்தான்.

## 3. வாக்கியத்தின் முதல் சொல்லைப் பாருங்கள்

அடிப்படை வாக்கியம் இரண்டே வகை. இஸ்மில் தொடங்கினால் ஜும்லா இஸ்மிய்யா. ஃபிஃலில் தொடங்கினால் ஜும்லா ஃபிஃலிய்யா.

தினமும் காதில் விழும் தொடர்களிலேயே இதைச் சோதிக்கலாம். ‘அல்ஹம்து லில்லாஹ்’ – முதல் சொல் ‘அல்ஹம்து’, அலிஃப் லாம் இருக்கிறது, இஸ்மிய்யா. ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ – இஸ்மிய்யா. தொழுகையில் ருகூவிலிருந்து நிமிரும்போது சொல்லும் ‘ஸமிஅல்லாஹு லிமன் ஹமிதஹ்’ – ‘ஸமிஅ’ என்றால் ‘செவியேற்றான்’, ஃபிஃலிய்யா. தொழுகை தொடங்கும்போது சொல்லும் அழைப்பான இகாமத்தில் வரும் ‘கத் காமதிஸ் ஸலாஹ்’ – இங்கே ‘கத்’ ஹர்ஃப். அதைக் கணக்கில் எடுக்காமல் அடுத்ததைப் பாருங்கள்: ‘காமத்’, வினை. ஃபிஃலிய்யா.

முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் ‘வ’, ‘ஃப’, ‘கத்’, ‘ஹல்’, ‘லா’ போன்ற சிறு சொற்கள் வாக்கிய வகையை மாற்றுவதில்லை.

ஒரு பொறியும் இருக்கிறது. ஃபாத்திஹா சூராவில் ‘இய்யாக நஃபுது’ (உன்னையே வணங்குகிறோம்) என்று வருகிறது. முதல் சொல் இஸ்ம், ஆனாலும் இது ஃபிஃலிய்யா. ‘இய்யாக’ என்பது செயப்படுபொருள். அழுத்தத்துக்காக முன்னால் தூக்கி வைக்கப்பட்டிருக்கிறது. முதலில் நிற்கும் இஸ்ம் ‘உன்னை’, ‘அவனை’ என்று ஐ உருபு ஏற்கும் பொருளில் நின்றால் அது தன் இடத்தில் இல்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.

## 4. முதலில் ஜும்லா இஸ்மிய்யா: முப்ததா, கபர்

வினைக்கு முன் இதைப் படிக்கச் சொல்வதற்குக் காரணம், தமிழர்களுக்கு இது பாதி தெரிந்த பாடம். ‘அவன் மாணவன்’, ‘இது வீடு’ என்று வினையே இல்லாமல் நாம் பேசுகிறோம். எழுவாய், பெயர்ப் பயனிலை. அரபியில் எழுவாய்க்கு முப்ததா என்றும் பயனிலைக்குக் கபர் என்றும் பெயர்.

ஆங்கில வழிப் புத்தகத்தில் அரபு படித்தவர்கள்தான் நடுவில் ஏதோ குறைவதாக உணர்ந்து ‘ஹுவ’வைச் செருகுகிறார்கள். ‘அல்-பைது ஹுவ கபீருன்’ என்று எழுத வேண்டாம். ‘அல்-பைது கபீருன்’, அவ்வளவுதான்: வீடு பெரியது.

இந்தச் சிறு வாக்கியத்தில் மூன்று விதிகள் அடங்கியிருக்கின்றன. இரண்டு சொற்களும் மர்ஃபூஃ, அதாவது கடைசியில் பேஷ் (உ, உன்). முப்ததா குறிப்பான பெயர், அதனால் அலிஃப் லாம். கபர் பொதுவான பெயர், அதனால் தன்வீன். ஏன் இப்படி? எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைப் பற்றிச் சொல்லும் செய்தி அவருக்குப் புதிது. தெரிந்ததற்கு அலிஃப் லாம், புதியதற்குத் தன்வீன்.

இப்போது அந்த இரண்டு சொற்களையே வைத்துக்கொண்டு அலிஃப் லாமை மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள்.

அல்-பைது கபீருன் – வீடு பெரியது. (வாக்கியம்)

பைதுன் கபீருன் – ஒரு பெரிய வீடு. (தொடர் மட்டும்)

அல்-பைது அல்-கபீரு – அந்தப் பெரிய வீடு. (தொடர் மட்டும்)

அல்-பைது அல்-கபீரு ஜமீலுன் – அந்தப் பெரிய வீடு அழகானது. (வாக்கியம்)

இரண்டு சொற்களும் அலிஃப் லாமில் ஒத்துப்போனாலோ, இரண்டிலும் அது இல்லாமல் போனாலோ, இரண்டாவது சொல் அடைமொழி (நஃத்). முதல் சொல்லில் மட்டும் இருந்தால் இரண்டாவது சொல் கபர். புதிதாகப் படிப்பவர்கள் செய்யும் பிழைகளைத் திருத்த உட்கார்ந்தால் பாதிக்கு மேல் இந்த ஒரே இடத்தில்தான் விழுகின்றன. அடைமொழி தமிழில் முன்னால் வரும், அரபியில் பின்னால் வரும். அந்தக் குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. ‘கபீருன் பைதுன்’ என்று எழுதிவிட்டு ‘பெரிய வீடு’ என்று படித்துக் காட்டியவர்கள் பலர்.

வேறு பத்துப் பெயர்களைப் போட்டு இதே நான்கு வரிகளை எழுதுங்கள். அடுத்த பத்திக்கு அதன் பிறகு வரலாம்.

‘ஹாதா’ விஷயத்திலும் இதே சிக்கல் உண்டு. ‘ஹாதா பைதுன்’ என்றால் ‘இது ஒரு வீடு’, முழு வாக்கியம். ‘ஹாதா அல்-பைது’ என்றால் பொதுவாக ‘இந்த வீடு’. கேட்பவர் ‘சரி, இந்த வீட்டுக்கு என்ன?’ என்று காத்திருப்பார். ‘ஹாதா அல்-பைது கபீருன்’ என்றால்தான் செய்தி முடியும். ‘இதுதான் அந்த வீடு’ என்று சொல்ல வேண்டுமா? அங்கேதான் ‘ஹுவ’வுக்கு வேலை: ‘ஹாதா ஹுவ அல்-பைது’. கபரும் அலிஃப் லாமோடு வரும்போது அதை அடைமொழி என்று எண்ணிவிடாமல் பிரித்து நிறுத்துவதற்கு இந்தச் சொல் நடுவில் நிற்கிறது. பகரா சூராவின் 5ஆவது வசனத்தில் ‘உலாயிக ஹுமுல் முஃப்லிஹூன்’ (அவர்களே வெற்றியாளர்கள்) என்பதில் ‘ஹும்’ இதே வேலையைச் செய்கிறது.

அலிஃப் லாம் இல்லாமலும் ஒரு பெயர் குறிப்பானதாக இருக்கலாம். ஆட்பெயர்கள், ‘நான், அவன்’ போன்றவை, உடைமைத் தொடர்கள் எல்லாம் அப்படித்தான். ‘பைது அர்-ரஜுலி கபீருன்’ – அந்த மனிதரின் வீடு பெரியது. ‘பைது’வில் அலிஃப் லாமும் இல்லை, தன்வீனும் இல்லை. உடையவர் பின்னால் வந்து ஜேர் பெற்றிருக்கிறார். இதற்கு இளாஃபத் என்று பெயர். ‘அல்-பைது அர்-ரஜுலி’ என்று இரண்டிலும் அலிஃப் லாம் வைப்பது அடிக்கடி காணும் பிழை.

## 5. பால், எண் பொருத்தம்

கபர் ஒற்றைச் சொல் அடைமொழியாக இருந்தால் முப்ததாவின் பாலையும் எண்ணையும் பின்பற்றும். ‘அஸ்-ஸய்யாரது ஜதீததுன்’ – கார் புதியது. ‘ஸய்யாரா’ பெண்பால், அதனால் ‘ஜதீதுன்’ என்பது ‘ஜதீததுன்’ ஆயிற்று.

தமிழில் காரும் வீடும் அஃறிணை. அரபியில் அந்தத் தொட்டி கிடையாது. எல்லாப் பெயரும் ஆண்பாலில் அல்லது பெண்பாலில் விழ வேண்டும். பெண்பாலுக்குப் பொதுவான அடையாளம் கடைசியில் வட்டமான தா. அதை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். ‘ஷம்ஸ்’ (சூரியன்), ‘நார்’ (நெருப்பு), ‘அர்ள்’ (பூமி), ‘யத்’ (கை) ஆகியவற்றில் அந்தத் தா இல்லை, ஆனாலும் பெண்பால்: ‘அஷ்-ஷம்ஸு தாலிஅதுன்’ – சூரியன் உதித்திருக்கிறது. மறுபக்கம், ஹம்ஸா, தல்ஹா என்ற ஆண்களின் பெயர்கள் வட்டத் தாவில்தான் முடிகின்றன.

பன்மையில் அரபி நம் திணைப் பிரிவுக்குப் பக்கத்தில் வருகிறது. மனிதர்களின் பன்மைக்குக் கபரும் பன்மை: ‘அல்-முஅல்லிமூன ஹாளிரூன’ – ஆசிரியர்கள் வந்திருக்கிறார்கள். மனிதரல்லாத பன்மைக்குக் கபர் பெண்பால் ஒருமை: ‘அல்-குதுபு ஜதீததுன்’ – புத்தகங்கள் புதியவை. பேச்சில் ‘மாடுகள் வந்தது’ என்று நாம் பன்மையை ஒருமையாக்குகிறோமே, அந்தப் பழக்கம் இங்கே உதவிக்கு வரும்.

‘முஅல்லிமூன’வில் பேஷ் எங்கே என்று கேட்பீர்கள். இந்த வகைப் பன்மையில் மர்ஃபூஃ என்பதற்கு அடையாளம் ‘ஊ’ ஓசை தரும் வாவ். கடைசி ‘ன’வில் இருக்கும் ஜபரைப் பார்த்து மன்ஸூப் (ஜபர் பெறும் நிலை) என்று முடிவுகட்டக் கூடாது.

ஃபஜ்ரு பாங்கில் வரும் ‘அஸ்ஸலாது கைரும் மினன் நவ்ம்’ (தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது) நல்ல இஸ்மிய்யா வாக்கியம். முப்ததாவில் அலிஃப் லாம், கபரில் தன்வீன். சேர்த்து ஓதும்போது ‘கைருன்’ என்பது ‘கைரும்’ என ஒலிக்கிறது. ‘ஸலாத்’ பெண்பாலாயிற்றே, ‘கைருன்’ ஏன் மாறவில்லை? ஒன்றைவிட ஒன்று மேல் என்று ‘மின்’ வைத்து ஒப்பிடும்போது அந்தச் சொல் பால் பார்ப்பதில்லை.

## 6. கபர் ஒற்றைச் சொல்லாக இல்லாதபோது

கபராக ஒரு ஹர்ஃபும் அதன் பெயரும் சேர்ந்து வரலாம்: ‘அர்-ரஜுலு ஃபீ அல்-பைதி’ – அந்த மனிதர் வீட்டில் இருக்கிறார். ‘இருக்கிறார்’ என்பதற்குத் தனிச் சொல் தேட வேண்டாம். இடத்தைச் சொன்னாலே போதும்.

‘வீட்டில் ஒரு மனிதர் இருக்கிறார்’ என்றால்? ‘ரஜுலுன் ஃபீ அல்-பைதி’ என்று தொடங்கினால் அது வாக்கியமாக நிற்காது. யார் என்றே தெரியாத ஒருவரைக் கொண்டு பேச்சைத் தொடங்க முடியாது என்பதால் வரிசை புரள்கிறது: ‘ஃபீ அல்-பைதி ரஜுலுன்’. கபர் முன்னால், முப்ததா பின்னால். முதல் சொல் ஹர்ஃப், வாக்கியம் இஸ்மிய்யாதான்.

உடைமை சொல்வதும் இதே அமைப்பில்தான். ‘இந்தீ கிதாபுன்’ – என்னிடம் ஒரு புத்தகம் இருக்கிறது. ‘லீ அகுன்’ – எனக்கு ஒரு சகோதரன் உண்டு. தமிழில் ‘என்னிடம்’, ‘எனக்கு’ என்று எங்கே பிரிக்கிறோமோ, கிட்டத்தட்ட அதே இடத்தில் அரபியும் ‘இந்த’, ‘லி’ என்று பிரிக்கிறது. ‘கிதாபுன்’ முப்ததா என்பதால் பேஷ் பெறும். ‘புத்தகத்தை வைத்திருக்கிறேன்’ என்று மனத்துக்குள் மாற்றிக்கொண்டு ‘கிதாபன்’ என்று எழுதிவிடாதீர்கள்.

கபர் ஒரு முழு வாக்கியமாகவும் இருக்கலாம். அது அடுத்த படிக்குப் பிறகு புரியும்.

## 7. ஜும்லா ஃபிஃலிய்யா: ஃபிஃல், ஃபாயில், மஃப்ஊல்

இப்போது வாய்பாட்டை எடுக்கலாம், ஆனால் முழுதாக அல்ல. ‘கதப’ (எழுதினான்), ‘கதபத்’ (எழுதினாள்) என்ற இரண்டு வடிவங்களே இந்தப் படிக்குப் போதும்.

தமிழில் வினை கடைசியில் வந்து வாக்கியத்தை முடித்து வைக்கும். அரபியில் அதுவே வாசலைத் திறக்கிறது. வினை, பிறகு செய்தவர் (ஃபாயில்), பிறகு செய்யப்பட்டது (மஃப்ஊல் பிஹி). ‘கதப அல்-வலது அத்-தர்ஸ’ – பையன் பாடத்தை எழுதினான். ஃபாயில் மர்ஃபூஃ, அதனால் பேஷ். மஃப்ஊல் மன்ஸூப், அதனால் ஜபர். நம் இரண்டாம் வேற்றுமை உருபு ‘ஐ’ செய்யும் வேலையை அங்கே அந்த ஜபர் செய்கிறது.

ஜபர் இருக்கும் தைரியத்தில்தான் சொற்கள் இடம் மாறுகின்றன. ஃபாதிர் சூரா, 28ஆவது வசனம்: ‘இன்னமா யக்ஷல்லாஹ மின் இபாதிஹில் உலமாஉ’. ‘யக்ஷா’ என்றால் அஞ்சுவான். அடுத்து நிற்பது ‘அல்லாஹ’. ஜபர், ஆகவே மஃப்ஊல். கடைசியில் ‘உலமாஉ’, பேஷ், ஆகவே ஃபாயில். அவனுடைய அடியார்களில் அறிஞர்களே அல்லாஹ்வுக்கு அஞ்சுகிறார்கள் என்பது பொருள். இரண்டு ஹரக்கத்துகளையும் மாற்றிப் படித்தால் யார் யாருக்கு அஞ்சுவது என்பதே தலைகீழாகிவிடும். கடைசிக் குறியை அலட்சியம் செய்கிறவர்களுக்கு இந்த வசனத்தைத்தான் காட்டுவேன்.

ஃபாயில் பெண்பாலானால் வினையில் ஒரு ‘த்’ சேரும்: ‘கதபத் அல்-பின்து’ – சிறுமி எழுதினாள். சேர்த்துப் படிக்கும்போது இரண்டு மெய்கள் மோதுவதால் ‘கதபதில் பின்து’ என்று நடுவில் ஒரு ‘இ’ நுழையும். ‘கத் காமதிஸ் ஸலாஹ்’வில் கேட்கும் ‘தி’ வந்தது இப்படித்தான்.

தமிழர்கள் கட்டாயம் இடறும் இடம் இனி வருவது. ‘மாணவர்கள் எழுதினார்கள்’ என்பதில் நாம் வினையையும் பன்மையாக்குகிறோம். அரபியில் வினை முன்னால் வந்தால், பின்னால் வரும் ஃபாயில் எத்தனை பேராக இருந்தாலும் வினை ஒருமைதான்: ‘கதப அத்-துல்லாபு’. ‘கதபூ அத்-துல்லாபு’ என்று எழுதாதீர்கள். வினையிலுள்ள ‘ஊ’வே ‘அவர்கள்’ என்ற ஃபாயில். அதை வைத்துவிட்டு மறுபடியும் ஃபாயிலைச் சொன்னால் ஒரு வினைக்கு இரண்டு எழுவாய் ஆகிவிடும்.

ஃபாயில் வெளியே தெரியாமலும் இருக்கலாம். ‘கதப்து’ – எழுதினேன். ‘அக்துபு’ – எழுதுகிறேன். நம் ‘ஏன்’ விகுதி போல வினைக்குள்ளேயே ஆள் அடங்கிவிட்டார். ஒவ்வொரு முறையும் முன்னால் ‘அன’ (நான்) போட வேண்டியதில்லை.

## 8. அதே செய்தி, இரண்டு அமைப்பு

கதப அத்-துல்லாபு அத்-தர்ஸ.

அத்-துல்லாபு கதபூ அத்-தர்ஸ.

இரண்டுக்கும் பொருள் ‘மாணவர்கள் பாடத்தை எழுதினார்கள்’ என்பதே. முதலாவது ஃபிஃலிய்யா. இரண்டாவது இஸ்மிய்யா: ‘அத்-துல்லாபு’ முப்ததா, ‘கதபூ அத்-தர்ஸ’ என்ற முழு ஃபிஃலிய்யா வாக்கியமும் கபர். இங்கே வினை ஏன் பன்மையாயிற்று என்றால், உள்ளே இருக்கும் குட்டி வாக்கியத்துக்குத் தன் சொந்த ஃபாயில் வேண்டும். ‘ஊ’ அதுதான். அது முப்ததாவைத் திரும்பிச் சுட்டுகிறது.

‘மாணவர்கள்தானே எழுதினார்கள், பிறகு ஏன் அவர்களை ஃபாயில் என்று சொல்லக் கூடாது?’ என்று கேட்காத வகுப்பு இல்லை. ஃபாயில் எப்போதும் வினைக்குப் பின்னால்தான் வரும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. முன்னால் வந்துவிட்டால் அவர் முப்ததா.

எப்போது எதைப் பயன்படுத்துவது? நடந்ததைச் சொல்லும்போது வினையை முன்னால் வையுங்கள்; அரபு நாளிதழ்களின் செய்திப் பகுதி பெரும்பாலும் வினையில்தான் தொடங்கும். ஆளைப் பற்றியோ பொருளைப் பற்றியோ பேசும்போது பெயரை முன்னால் வையுங்கள். வளைகுடா நாடுகளில் பேச்சு வழக்கில் பெயர் முந்துவது சகஜம், கடைசி ஹரக்கத்தும் பெரும்பாலும் இருக்காது. அந்தப் பேச்சைக் கேட்டு இலக்கணம் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று பதற வேண்டாம். நீங்கள் படிப்பது எழுத்து மொழி.

## 9. இன்ன, கான

இந்தப் படியைச் சிலர் முதல் வாரத்திலேயே தொட்டுவிட்டுக் குழம்புகிறார்கள். முப்ததா, கபர் இரண்டும் கைவந்த பிறகே இது. ஏற்கெனவே இருக்கும் இஸ்மிய்யா வாக்கியத்தின் மேல் வந்து உட்கார்ந்து குறிகளை மாற்றுவதுதான் இவற்றின் தொழில்.

‘இன்ன’ (நிச்சயமாக) வந்தால் முன்னது ஜபராகும், பின்னது பேஷிலேயே நிற்கும். ‘கான’ (இருந்தான், இருந்தது) வந்தால் முன்னது பேஷிலேயே நிற்கும், பின்னது ஜபராகும்.

இன்ன அல்-பைத கபீருன் – நிச்சயமாக வீடு பெரியது.

கான அல்-பைது கபீரன் – வீடு பெரியதாக இருந்தது.

மனப்பாடம் செய்ய வேண்டாம், குர்ஆனிலிருந்தே ஒரு ஜோடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பகரா சூராவின் 173ஆவது வசன முடிவு ‘இன்னல்லாஹ கஃபூருர் ரஹீம்’. நிஸா சூராவின் 96ஆவது வசன முடிவு ‘வகானல்லாஹு கஃபூரர் ரஹீமா’. அதே பெயர்கள். ‘அல்லாஹ – கஃபூருன்’ என்பது ‘அல்லாஹு – கஃபூரன்’ என்று மாறியிருக்கிறது. ‘கான’ கடந்த காலம்தான் என்றாலும் இறைவனின் பண்பைச் சொல்லும்போது என்றும் உள்ள நிலையைக் குறிக்கும்.

‘கான’ வினைதானே, அப்படியானால் வாக்கியம் ஃபிஃலிய்யாவா? தொடக்கத்தை மட்டும் பார்த்தால் ஆம் என்பார்கள் ஒரு சாரார்; அடித்தளம் முப்ததா, கபர் என்பதால் இல்லை என்பார்கள் மறு சாரார். பெயர் எதுவானாலும் குறிகள் மாறப்போவதில்லை. இந்த விவாதத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

## 10. மறுப்பும் கேள்வியும்

இஸ்மிய்யாவை மறுக்க ‘லைஸ’. அது ‘கான’வின் குடும்பம்: ‘லைஸ அல்-பைது கபீரன்’ – வீடு பெரியதல்ல.

ஃபிஃலிய்யாவை மறுக்கக் காலத்தைப் பார்க்க வேண்டும். ‘மா கதப’ – எழுதவில்லை. ‘லா யக்துபு’ – எழுதுவதில்லை. ‘லம் யக்துப்’ – எழுதவில்லை. வடிவம் நிகழ்காலம், பொருள் இறந்தகாலம், கடைசியில் ஸுகூன் (உயிரொலி இல்லை என்று காட்டும் குறி). ‘லன் யக்துப’ – எழுத மாட்டான்; கடைசியில் ஜபர். எல்லா இடத்திலும் ‘லா’வைப் போட்டு ஓட்டுவது சோம்பல்.

கேள்விக்கு வாக்கியத்தின் தலையில் ‘ஹல்’ அல்லது ‘அ’ வையுங்கள், உள்ளே எதையும் தொட வேண்டாம். ‘அ-அன்த தாலிபுன்?’ – நீ மாணவனா? நாம் கடைசியில் சேர்க்கும் ‘ஆ’ அங்கே முதலில் குறிலாக வருகிறது.

## 11. ஒரு முழு சூராவில் பயிற்சி: இக்லாஸ்

இதுவரை படித்ததில் பெரும்பகுதி 112ஆவது சூராவின் நான்கு வசனங்களுக்குள் இருக்கிறது. நோட்டில் எழுதுங்கள், நிறுத்தி ஓதும்போது மறையும் கடைசி ஹரக்கத்தையும் சேர்த்தே எழுதுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் கேள்விகளின் வரிசை இது: முதல் சொல் என்ன வகை? வாக்கியம் எந்த வகை? இரு பெரும் உறுப்புகள் எவை? கடைசிக் குறி அதற்குப் பொருந்துகிறதா? பொருளை எல்லாவற்றுக்கும் பிறகு பாருங்கள். பொருளில் தொடங்கினால் இலக்கணத்தைப் பொருளுக்கு ஏற்ப வளைத்துவிடுவோம்.

‘குல் ஹுவல்லாஹு அஹத்’. ‘குல்’ (சொல்) ஏவல் வினை, ஃபிஃலிய்யா. ஃபாயில் உள்ளே மறைந்திருக்கும் ‘அன்த’ (நீ). சொல்லப்படும் செய்தி ‘ஹுவல்லாஹு அஹதுன்’; இது இஸ்மிய்யா. ‘ஹுவ’ முப்ததா, ‘அல்லாஹு அஹதுன்’ என்ற சிறு வாக்கியம் அதன் கபர். இதை வேறு விதமாகவும் பிரிப்பார்கள். முதல் பயிற்சிக்கு இந்தப் பிரிப்பு போதும்.

‘அல்லாஹுஸ் ஸமத்’. இஸ்மிய்யா. இரண்டாவது சொல்லிலும் அலிஃப் லாம் இருப்பதால் அடைமொழி என்று எழுதத் தோன்றும். அப்படி எழுதினால் கபருக்குச் சொல்லே மிஞ்சாது. எனவே ‘அஸ்-ஸமது’ கபர். நான்காம் படியின் விதிக்கு விலக்கு இங்கே கண்முன் நிற்கிறது: கபரும் குறிப்பானதாக வரலாம், ‘ஹுவ’ இல்லாமலும் வரலாம்.

‘லம் யலித் வலம் யூலத்’. ‘லம்’ ஹர்ஃப், ஒதுக்குங்கள். ‘யலித்’ வினை, கடைசியில் ஸுகூன். ஃபாயில் மறைந்த ‘ஹுவ’. ‘யூலத்’ செயப்பாட்டு வினை. பெற்றவர் யார் என்ற பேச்சு இல்லாததால் மறைந்திருக்கும் ‘ஹுவ’ இங்கே நாயிப் ஃபாயில், ஃபாயிலின் இடத்தில் நிற்பவர்.

‘வலம் யகுன் லஹு குஃபுவன் அஹத்’. ‘யகுன்’ என்பது ‘கான’வின் நிகழ்கால வடிவம், ‘லம்’மால் சுருங்கியது. அப்படியானால் பேஷ் பெற்ற பெயர் (‘கான’வின் எழுவாய்) ஒன்றும் ஜபர் பெற்ற கபர் ஒன்றும் இருக்க வேண்டும். பலர் முதலில் வருகிற ‘குஃபுவன்’ என்பதைப் பெயர் என்று எழுதிவிடுகிறார்கள். ‘அன்’ தன்வீனைப் பாருங்கள்: அது கபர், முன்னால் தூக்கி வைக்கப்பட்டிருக்கிறது. கடைசியில் நிற்கும் ‘அஹதுன்’தான் பெயர். நிறுத்தி ‘அஹத்’ என்றே ஓதிப் பழகியதால் அதன் பேஷ் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

இதை முடித்துவிட்டால் 108ஆவது சூராவான கவ்ஸரை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றே வசனங்கள். முதல் வசனத்தின் ‘இன்னா’ என்பது ‘இன்ன’வும் ‘நா’வும் (நாம்) சேர்ந்தது, அதன் கபர் எது என்று நீங்கள் கண்டுபிடியுங்கள். மூன்றாவது வசனத்தில் ‘ஹுவ’ ஏன் வந்தது என்பதற்கு விடை நான்காம் படியில் இருக்கிறது.